முன்னால் போனவன் காத்திருக்க வேண்டுமா?



முதலில் ஒரு கணக்கு. பயப்படாதீங்க, தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுக் கணக்குதான்.

இரண்டு நண்பர்கள் ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து, ஒரே பாதையில் நடக்கத் தொடங்குகிறார்கள். ஒருவன் ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் நடப்பான். மற்றவன் 20 கிலோமீட்டர். பத்து நாள் கழித்து இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்? 40 கிலோமீட்டர். பின்னால் வருபவனுக்கு அது முழுசாக இரண்டு நாள் நடை.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குக் கேள்வியே அதற்குப் பிறகுதான் வருகிறது. இவர்கள் மறுபடி சந்திக்க வேண்டுமென்றால் யார் என்ன செய்ய வேண்டும்? பின்னால் வருபவன் வேகத்தைக் கூட்டட்டும் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அவனுடைய முட்டி அதற்கு ஒத்துழைத்திருந்தால் முதல் நாளே அப்படி நடந்திருப்பானே! முன்னால் போனவனோ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ரெண்டு நாள் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் போதும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. காத்திருக்கும் வாய்ப்பு முன்னால் போனவனுக்கு மட்டும்தான் உண்டு. பின்னால் வருபவன் எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும், முன்னால் போனவனுக்காக அவனால் காத்திருக்க முடியாது. அப்படியென்றால், அந்த வாய்ப்பு கையில் இருப்பவனுக்குக் காத்திருப்பது கடமையா? இல்லை, மனசு இருந்தால் செய்யலாம் என்கிற உதவி மட்டும்தானா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறேன்.

மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்

இந்தக் கணக்கு வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் நெடும்பாதை என்று ஒன்று இருக்கிறது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். பென்டன் மக்காய் என்பவர் 1921-இல் இந்தத் திட்டத்தை எழுதி வெளியிட்டார். 1937-இல் பாதை முழுமை பெற்றது. வழி தவறாமல் இருக்க மரங்களிலும் பாறைகளிலும் வெள்ளைச் சாயத்தில் சின்னச் சின்னப் பட்டைகள் பூசியிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

நான் அங்கே போனதில்லை. இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுத வேண்டிய இரவுகளில், அங்கே நடந்தவர்களின் நாட்குறிப்புகளையும் காணொலிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். முதலில் மலைக்காகத்தான் பார்த்தேன். போகப் போக, அந்த மனிதர்கள் பிரிவதும் மறுபடி சேர்வதும்தான் என்னைப் பிடித்து இழுத்தது.

பெரும்பாலோர் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்கிலிருந்து கிளம்புகிறார்கள். தனியாகத்தான் வருவார்கள். முதல் வாரத்திலேயே நாலைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். அதைப் பாதைக் குடும்பம் என்கிறார்கள். சொந்தப் பெயரைக்கூட விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்து, அதையே கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். ஒரே குடிலில் தூங்கி, ஒரே ஓடையில் தண்ணீர் எடுத்து, ஒரே மழையில் நனைந்தவர்களுக்கு இடையில் பத்தே நாளில் பத்து வருட நெருக்கம் வந்துவிடுகிறது.

பிறகு ஒருத்தருக்குக் காலில் கொப்புளம், ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்குக் கைச்செலவுக்குக் காசு இல்லை. குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறது. முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் நடக்கக் கிளம்புகிறவர்களில் நான்கில் ஒருவர் அளவில்தான் கடைசிவரை போய்ச் சேர்கிறார்கள். மற்றவர்கள் நடுவிலேயே வீடு திரும்புகிறார்கள்.

ஆகவே அந்தப் பாதையில் மறுபடி சந்திப்பது சாதாரண விஷயம் இல்லை. யாரோ ஒருவர் அதற்காக எதையாவது விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

செய்தி எந்தப் பக்கம் போகிறது?

அந்தப் பாதை நெடுக 250-க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, அவ்வளவுதான். பல குடில்களில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். வந்து தங்குபவர்கள் தேதி போட்டு, தன் பட்டப்பெயரை எழுதி, ரெண்டு வரி கிறுக்கிவிட்டுப் போவார்கள். "மழை விடவே இல்லை", "அடுத்த ஊரில் ஒரு நாள் தங்குவேன்", இப்படி.

இந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி யோசித்தபோது எனக்கு வகுப்பில் படித்த ஒருவழிச் சமிக்ஞைதான் ஞாபகம் வந்தது. செய்தி ஒரு பக்கமாக மட்டுமே பாய்கிறது. முன்னால் போனவன் எழுதியதைப் பின்னால் வருபவன் படிக்கலாம். நண்பன் எப்போது இங்கே இருந்தான், எந்த மனநிலையில் இருந்தான், எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் பின்னால் வருபவன் எழுதுவதை முன்னால் போனவன் ஒருநாளும் படிக்கப் போவதில்லை.

சரி, எதிர்த்திசையில் வடக்கிலிருந்து நடந்து வருபவர்கள் சொல்லலாமே? அவர்களும் முதலில் முன்னால் இருப்பவனைச் சந்தித்து, அதன் பிறகுதான் பின்னால் இருப்பவனைச் சந்திக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் செய்தியும் அதே பக்கம்தான் போகிறது.

பின்னால் இருப்பவனின் நிலைமை முன்னால் போனவனுக்குத் தெரிய வேண்டுமென்றால், பாதையில் ஒரே ஒரு வழிதான். இருவரையும் தாண்டிப் போகும் மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டும். "உன் கூட்டாளியைப் பார்த்தேன், கால் வீங்கியிருக்கு, ஆனா நடந்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று அவன் வந்து சொல்ல வேண்டும்.

இப்போது நம் கேள்வி இன்னும் கொஞ்சம் கடினமாகிறது. காத்திருக்க முடிந்தவனுக்கு விவரம் தெரியாது. விவரம் தெரிந்தவனால் காத்திருக்க முடியாது. நட்பு அறுந்துபோவதற்குக் கெட்ட எண்ணம் தேவையே இல்லை, இந்த அமைப்பு ஒன்றே போதும்.

"அதான் கைப்பேசி இருக்கே!" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். இன்று அந்தப் பாதையில் நடப்பவர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். மலை உச்சியிலும் ஊர்ப்பக்கத்திலும் ஓரளவு தொடர்பு கிடைக்கும். பின்னால் இருப்பவன் "மச்சான், எனக்காக ரெண்டு நாள் நில்லுடா" என்று ஒரு வரி அனுப்பலாம். ஆனால் அனுப்புவானா? நாம் அனுப்புவோமா?

அனுப்ப மாட்டோம். "பரவாயில்லடா, நீங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றுதான் அனுப்புவோம். பிறருக்குப் பாரமாக இருக்கிறோம் என்கிற வெட்கம் இருக்கிறதே, அதை எந்த அலைவரிசையாலும் சரிசெய்ய முடியாது. தொழில்நுட்பம் தூரத்தைத்தான் குறைத்தது. கூச்சம் அப்படியே இருக்கிறது.

நம்ம ஊர்ப் பாதை

இங்கே நம்ம நாட்டுக்கு வருவோம். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடிக்கும்வரை நாம் எல்லாரும் ஒரே வேகத்தில் நடப்பதுபோலத்தான் தெரியும். ஒரே தாமான், ஒரே பள்ளி, ஒரே பேருந்து. முடிவு வந்த பிறகு பாருங்கள். ஒருவன் மெட்ரிகுலேசன், ஒருத்தி எஸ்.டி.பி.எம்., ஒருவன் போலிடெக்னிக், ஒருவன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு, ஒருவன் அப்பாவோடு லோரியில். புலனக் குழுவில் முதல் வருடம் தினமும் நூறு செய்தி வரும். மூன்றாவது வருடம் தீபாவளி வாழ்த்துப் படம் மட்டும் வரும்.

எங்கள் கதையும் இதுதான். ஒரே தாமானில் வளர்ந்த ஆறு பேர். நாங்கள் மறுபடி ஒன்று சேர்ந்தது போன வருட செமஸ்டர் விடுமுறையில், குனோங் தஹான் ஏறியபோது. 2,187 மீட்டர், தீபகற்ப மலேசியாவிலேயே மிக உயரமான மலை. மெராபோ பக்கமிருந்து போய் வர எங்களுக்கு நான்கு நாள். அமெரிக்கப் பாதையோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்ன நடைதான். ஆனால் நான்கு நாள் கைப்பேசி வேலை செய்யாத இடத்தில் பழைய நண்பர்களோடு இருப்பது நம்ம வயசுக்குப் பெரிய தூரம்.

லோரி ஓட்டும் நண்பன் குழுவில் பேசியே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "நீங்கலாம் படிச்சிட்டு எங்கயோ போயிட்டீங்கடா, நான் வந்து என்னாடா பேசுறது?" என்பதுதான் அவன் கடைசியாக அனுப்பியது. அவனை அழைத்து வந்தது யார் தெரியுமா? சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். மாதம் ஒருமுறை ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் வீட்டு வாசலில் போய் நின்று, ஆன்ட்டி கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்து, எங்கள் செய்தியை அவனுக்கும் அவன் செய்தியை எங்களுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் மேலே சொன்ன மூன்றாவது ஆள் அவன்தான்.

மலையில் நடந்தது எங்களில் யாரும் எதிர்பார்க்காதது. தினமும் மூட்டை ஏற்றி இறக்கும் உடம்பு அவனுடையது. பல்கலைக்கழக நாற்காலியில் உட்கார்ந்து பழகிய எங்களை முதல் நாளே பின்னால் விட்டுவிட்டான். கெம் கோர் வந்து சேரும்போது நாங்கள் பேச மூச்சில்லாமல் இருந்தோம், அவன் தண்ணீர் பிடித்து வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். ஊரில் யார் முன்னால், யார் பின்னால் என்று நாங்கள் மனசுக்குள் போட்டு வைத்திருந்த வரிசை அந்தக் காட்டில் தலைகீழாகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. முன், பின் என்பது மனிதனின் அளவு இல்லை. எந்தப் பாதையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பட்டப்படிப்பு ஒரு பாதை. முதுகு வலிமை ஒரு பாதை. குடும்பத்தைத் தாங்குவது இன்னொரு பாதை. அதில் அவன் எங்களைவிட நாலு வருடம் முன்னால் இருக்கிறான்.

காத்திருப்பதிலும் இரண்டு வகை

மலை ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. வேகமாகப் போகிறவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து, சாக்லேட் தின்று, சட்டை காயும்வரை ஓய்வெடுப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேருவார். வந்தவுடனே, "ஆ, வந்துட்டியா? சரி, போலாம் லா!" என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு இருபது நிமிட ஓய்வு. தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கேட்டால், "உனக்காகத்தானே காத்திருந்தோம்!" என்பார்கள்.

அது காத்திருப்பு இல்லை. ஆள் எண்ணிக்கை சரிபார்ப்பு. தாமான் நெகாராவுக்குள் போகும்போது நாம் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பொட்டலங்களைக்கூட எண்ணி எழுதி வைத்து, திரும்பும்போது மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். பொட்டலத்துக்கு எண்ணிக்கை போதும். நண்பனுக்குப் போதாது.

லோரி நண்பன் வேறு மாதிரி செய்தான். கடைசி ஆள் வந்து, பையை இறக்கி, தண்ணீர் குடித்து, காலணிக்குள் போன மண்ணைத் தட்டி, தானாக எழுந்திருக்கும்வரை அவன் எழுந்திருக்கவே இல்லை. "போலாமா?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பின்னால் இருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் காத்திருக்கவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

குழுவாகப் போகும்போது நம்ம ஊரில் முன்னால் ஒரு மலிம் குனோங் போவார், கடைசியில் இன்னொருவர் வருவார். கடைசியில் வருபவரை 'ஸ்வீப்பர்' என்போம். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் அவர் வேலை. எவ்வளவு வேகமாக நடக்கத் தெரிந்தவராக இருந்தாலும், கடைசி ஆளின் வேகம்தான் அவருடைய வேகம். அவரை யாரும் மெதுவாக நடக்கிறவர் என்று கிண்டல் செய்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

மறுத்துப் பேசுவோம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசினால் அது நியாயம் இல்லை. காத்திருப்பது கடமை என்பதற்கு எதிராக வலுவான வாதங்கள் இருக்கின்றன.

முதலாவது, அந்த நெடும்பாதையில் எல்லாரும் சொல்லும் ஒரு கொள்கை: அவரவர் நடையை அவரவர் நடக்க வேண்டும். இதைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. பல பேர் வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்காகவும் இல்லாமல் தனக்காக ஒரு காரியம் செய்ய அங்கே வருகிறார்கள். அவர்களைப் பிடித்து இன்னொருவரின் வேகத்தில் கட்டிப்போடுவது சரியா? அதுபோல, மெதுவாக நடப்பவருக்கும் தனியாக நடக்க ஆசை இருக்கலாம். "எனக்காக நிற்காதே" என்று அவர் மனசாரச் சொன்னால், அதை மதிப்பதும் நட்புதான். நான் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனசாரச் சொல்கிறாரா, வெட்கத்தில் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும், இல்லையா?

இரண்டாவது, காத்திருப்பதற்கு விலை உண்டு. மறுபடி நம் கணக்கு. 3,500 கிலோமீட்டரை 24 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய 146 நாள். 20 கிலோமீட்டர் வேகத்தில் 175 நாள். ஓய்வு நாள்களை நான் சேர்க்கவில்லை. ஏப்ரல் முதல் தேதி கிளம்பினால் ஆகஸ்டு 24-இல் முடிய வேண்டியது செப்டம்பர் 22-இல் முடியும். நண்பனோடு சேர்ந்தே முடிப்பதற்கான விலை 29 நாள். கட்டாடின் மலையில் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு குளிரும் பனியும் வந்துவிடும் என்பதால் அதற்குள் ஏறிவிடப் பார்ப்பார்கள். ஆக, இந்த 29 நாளைத் தாங்க முடியும். ஆனால் நண்பன் 15 கிலோமீட்டர்தான் நடப்பான் என்றால்? 233 நாள். நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டிவிடும், ரெண்டு பேருக்கும் மலை இல்லை. அந்த நிலையில் முன்னால் இருப்பவன் நடந்துதான் ஆக வேண்டும். இருவரும் தோற்பதை நட்பு கேட்காது.

ஆகவே கடமைக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் நாம் பெரும்பாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை என்பதுதான் விஷயம். 29 நாள் கேட்கிற நண்பனிடம் 233 நாள் கேட்டதுபோல நடந்துகொள்கிறோம். வருடத்துக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்க முடியாத அளவுக்கு யாருடைய படிப்பும் வேலையும் இல்லை.

மூன்றாவது, அங்கே நடக்கும் ஒரு பழைய சர்ச்சை. பாதையின் அடையாளம் வெள்ளைப் பட்டை. கார் ஓடும் சாலையின் நடுவில் மஞ்சள் கோடு. பின்தங்கியவர்கள் சிலர் யாருடைய காரிலாவது ஏறி, ஐம்பது நூறு கிலோமீட்டரைத் தாண்டி, முன்னால் போன நண்பர்களோடு போய்ச் சேர்ந்துகொள்வார்கள். மஞ்சள் கோட்டில் வந்தவன் என்று அவர்களைக் கேலி பேசுவது உண்டு. முழுப் பாதையையும் காலால் நடப்பேன் என்று தனக்குத்தானே கொடுத்த வாக்கை மீறிவிட்டான் என்பது குற்றச்சாட்டு.

இதில் எனக்குத் தோன்றுவது இதுதான். வாக்குத் தவறுவது சரி என்று நான் சொல்ல மாட்டேன். விட்டுப்போன பகுதியைப் பிறகு வந்து நடந்து முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நல்ல வழி. ஆனால் அந்தச் சர்ச்சை முழுக்க பின்னால் இருந்தவனின் நேர்மையைத்தான் அலசுகிறது. முன்னால் போனவர்கள் ரெண்டு நாள் நின்றிருந்தால் அவன் காரில் ஏற வேண்டிய தேவையே வந்திருக்காதே என்று யாரும் கேட்பதில்லை. நம்ம சமுதாயத்திலும் இதே கதைதானே? படிப்பை நடுவில் விட்டவனை எல்லாரும் விசாரிப்பார்கள். அவனோடு படித்தவர்கள் அவனை எப்போது கடைசியாக அழைத்தார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

தேதி குறித்த சந்திப்பு

சரி, முன்னால் இருப்பவனுக்கு விவரம் தெரியாது, பின்னால் இருப்பவனுக்குக் கேட்க வெட்கம். இதற்குத் தீர்வே இல்லையா? அந்தப் பாதைக்காரர்கள் அழகான ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்று ஒரு குட்டி ஊர். தெற்கு முனையிலிருந்து ஏறக்குறைய 750 கிலோமீட்டர் தூரம். நெடும்பாதை அந்த ஊரின் முக்கியத் தெரு வழியாகவே போகிறது. 1987 முதல் அங்கே மே மாதத்தில் 'டிரெயில் டேஸ்' என்கிற பாதைத் திருவிழா நடந்து வருகிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு அந்த வார இறுதியில் பல்லாயிரம் பேர் வந்துவிடுவார்கள்.

இதில் முக்கியம் என்னவென்றால், அந்த நாளில் நீங்கள் பாதையில் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. ஊரைத் தாண்டி வடக்கே வெகுதூரம் போனவர்கள் கார் பிடித்துத் திரும்பி வருவார்கள். இன்னும் தெற்கே இருப்பவர்களும் கார் பிடித்து வருவார்கள். கால் ஒடிந்து வீட்டுக்குப் போனவர்களும் வருவார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் நடந்தவர்களும் வருவார்கள். சந்தித்துப் பேசி, கூடாரம் போட்டுத் தூங்கி, பிறகு அவரவர் விட்ட இடத்துக்கே போய் மறுபடி நடப்பார்கள்.

அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. யாரும் யாரையும் கெஞ்சவும் இல்லை. தேதியும் இடமும் முன்கூட்டியே முடிவாகிவிட்டதால், முன்னால் இருப்பவன் திரும்பி வருவதிலும் பெருமை இல்லை, பின்னால் இருப்பவன் வந்து சேருவதிலும் வெட்கம் இல்லை. ஒரு நாளைக்கு வரிசையே இல்லாமல் போகிறது.

"ஒரு நாள் மீட் பண்ணுவோம்டா" என்பதற்கும் "மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, காலை ஆறு மணி, மலையடிவாரம்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். முதலாவதைப் பின்னால் இருப்பவன் ஒருபோதும் நம்ப மாட்டான். இரண்டாவது அவனுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறது.

காத்திருக்க முடியாத நண்பர்

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பலாச்சியன் பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்து முடித்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷேஃபர். பென்சில்வேனியாக்காரர். ஆண்டு 1948, அவருக்கு வயது 29. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றிவிட்டுத் திரும்பியவர். போரை உடம்பிலிருந்தும் மனசிலிருந்தும் நடந்தே வெளியேற்றப் போனார்.

போருக்கு முன்னால் அந்தப் பாதையை நடக்க வேண்டும் என்று அவரோடு சேர்ந்து திட்டம் போட்டவர் அவருடைய இளவயது நண்பர் வால்டர் வைன்மில்லர். அவர் இவோ ஜிமா போரில் இறந்துவிட்டார். இருவர் நடக்க வேண்டிய பாதையை ஷேஃபர் ஒருவராக நடந்தார். 1965-இல் வடக்கிலிருந்து தெற்காக மறுபடி நடந்தார். 1998-இல், எண்பதாவது பிறந்தநாளை நெருங்கும் வயதில், மூன்றாவது முறையாக முழுப் பாதையையும் நடந்து முடித்தார்.

எந்தக் குடிலில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் அந்த நண்பர் வந்து சேரப் போவதில்லை. ஷேஃபருக்குக் காத்திருக்கும் வாய்ப்பே இல்லை. ரெண்டு பேர் போட்ட திட்டத்தை நிறைவேற்றுவது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

அதைப் படித்த பிறகு என்னுடைய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. காத்திருப்பது உதவி இல்லை, கடமைதான். ஏனென்றால் அது நம் கையில் மட்டுமே இருக்கும் ஒன்று, அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டுமே இருக்கும் ஒன்று. நம்மில் பெரும்பாலோருக்குப் பின்னால் வரும் நண்பன் இன்னும் உயிரோடு, இதே நாட்டில், ஒரு மணி நேரப் பேருந்து தூரத்தில்தான் இருக்கிறான்.

நீங்கள் உங்கள் கூட்டத்தில் முன்னால் இருப்பவர் என்றால், அவன் கேட்கட்டும் என்று இருக்காதீங்க. அவன் கேட்க மாட்டான். நீங்களே கேளுங்க. நீங்கள் பின்னால் இருப்பவர் என்றால், கேட்க வெட்கப்படாதீங்க. வேறொரு பாதையில் நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள். ரெண்டு பேரையும் தெரிந்த மூன்றாவது ஆள் நீங்கள் என்றால், உங்கள் வேலை நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கப் போய்க்கொண்டே இருங்கள்.

வரும் விடுமுறைக்கு ஊருக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்து, தேதியும் நேரமும் குறித்து, குழுவில் பேசாமல் இருப்பவனுக்குத் தனியாக முதல் அழைப்பைப் போடுங்கள். மேலே போன பிறகு, அவன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்காதீங்க.